யார்க்ஷயரிலேயே இருந்துவிட்ட ஜான் கார்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். பக்ஸ்டன் நகரத்தின் பிறை வடிவக் கட்டடத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில்தான் ஜான் கார் என்ற பெயரை முதன்முதலில் பார்த்தேன். அண்மையில் குடும்பத்தோடு இங்கே பக்கத்தில் இருக்கும் ஹேர்வுட் மாளிகைக்குப் போனோம். கையில் ஒரு பழைய சுற்றுலாக் கையேடு வைத்திருந்தேன். அதில் அறைகளின் உட்கூரையைச் செய்த ராபர்ட் ஆடமுக்கு ஒரு பக்கம், நாற்காலிகள் செய்த சிப்பன்டேலுக்கு ஒரு பக்கம், ஏரியும் புல்வெளியும் அமைத்த கேப்பபிலிட்டி பிரவுனுக்கு ஒரு பக்கம். மாளிகையையே கட்டிய ஜான் காருக்கு ஒரு வரி.

கட்டடக்கலை படித்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "அவர் பெரிய கலைஞர் இல்லை. இத்தாலியப் பாணியைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர். உள்ளூர்ப் பிரபுக்களின் ஆதரவு இருந்ததால் பிழைத்தார்" என்றார். அது சரிதானா? இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ஹேர்வுட் மாளிகை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் வந்த பணத்தில் எழுந்தது என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்தக் கட்டடத்தை ரசிப்பதற்கே கூச்சமாக இருந்தது. இத்தகைய கட்டடங்களை எப்படிப் பார்ப்பது? இங்கே இருக்கும்போதே காரின் வேறு எந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆர்.

---

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. ஜான் கார் இத்தாலியப் பாணியில் கட்டியவர்தான். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவின் இலக்கணம் அன்றைய இங்கிலாந்து முழுவதற்கும் பொதுச் சொத்து. அதைக் கையாளாத கட்டடக்கலைஞர் அந்தத் தலைமுறையில் அரிது. புதுப் பாணி ஒன்றைக் கண்டுபிடித்தவர்களை மட்டுமே கலைஞர்கள் என்று வைத்துக்கொண்டால் காருக்கு இடம் இல்லை. ஆனால் அந்த அளவுகோலால் கட்டடங்களை அளக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஓவியம் பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம். கட்டடத்தில் மனிதர்கள் இருநூறு ஆண்டுகள் குடியிருக்க வேண்டும். அது மழையையும் பனியையும் தாங்க வேண்டும். கூரை ஒழுகக் கூடாது. மாடிப்படி ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கக் கூடாது. இவற்றையெல்லாம் சரியாகச் செய்து, அதற்கு மேல் அழகாகவும் கட்டுகிறவருக்கு நாம் ஒரு வரியைவிட அதிகம் கடன்பட்டிருக்கிறோம்.

கார் 1723இல் வேக்ஃபீல்டுக்கு அருகே ஹார்பரி என்ற சிற்றூரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தை ராபர்ட் கார் கல்தச்சர், குவாரியும் வைத்திருந்தார். மகன் பதினான்கு வயதில் பள்ளியை விட்டுவிட்டு அந்தக் குவாரியில் இறங்கினார். அவருடைய பிற்காலம் முழுவதையும் விளக்குவதற்கு இந்த ஒரு செய்தி போதும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பகுதியின் கல் மணற்கல். அது மண்ணுக்குள் அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பது. வெட்டி எடுத்த கல் பூமிக்குள் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துவிட்டால் அடுக்குகளுக்கிடையே மழைநீர் புகும். குளிரில் அது உறைந்து விரியும். சில பத்தாண்டுகளில் கல்லின் முகம் ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். குவாரியிலிருந்து வந்த புதிதில் கல்லுக்குள் ஈரம் இருக்கும், உளிக்கு இணங்கும். உலர உலர இறுகும். நுண்ணிய வேலைப்பாட்டை எப்போது செய்வது, எதைக் காத்திருந்து செய்வது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. ரோமின் இடிபாடுகளை ஆண்டுக்கணக்கில் வரைந்து பழகியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிறுவயதிலேயே கைகளில் காய்ப்புக் காய்த்தவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பல்லாடியோ பாணி அவருக்கு வந்து சேர்ந்த வழியும் அப்படித்தான். யார்க் நகருக்கு அருகே கிர்பி ஹால் என்ற மாளிகைக்கு பர்லிங்டன் பிரபுவும் ரோஜர் மாரிஸும் 1740களின் பிற்பகுதியில் வரைபடம் தந்தார்கள். அதைக் கல்லில் கட்டி நிறுத்தும் பொறுப்பு இளம் ஜான் காருக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் பல்லாடியோவின் இலக்கணத்துக்கே தலைமை ஏற்றிருந்தவர் பர்லிங்டன். அவர் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் கல்லாக மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு. அதைவிட நல்ல பள்ளிக்கூடம் யாருக்கு அமையும்? ராபர்ட் ஆடம் போல நான்கு ஆண்டுகள் இத்தாலியில் தங்கிப் படிக்க அவரால் முடியவில்லை. அவர் இத்தாலிக்குப் போகவே இல்லை. கிர்பி ஹால் 1920இல் இடிக்கப்பட்டுவிட்டது. காரின் பள்ளிக்கூடத்தை இனி நாம் பார்க்க முடியாது.

அடுத்து யார்க் நகரின் நேவ்ஸ்மயர் குதிரைப் பந்தயத் திடலில் பார்வையாளர் மாடம் கட்டும் வேலை, 1750களின் நடுவில். பந்தயத் திடலுக்கென்று இப்படி ஒரு மாடம் எழுந்தது அதுவே முதல் முறை என்பார்கள். பந்தயம் பார்க்க வந்த யார்க்ஷயர் நிலக்கிழார்கள் எல்லோரும் மாடத்தில் நின்றபடி அதைக் கட்டியவர் யார் என்று விசாரித்திருப்பார்கள். அவர்களில் முதன்மையானவர் ராக்கிங்கம் பிரபு, பின்னாளில் இரண்டு முறை பிரதமர் ஆனவர். காரின் வாழ்நாள் ஆதரவாளர்களில் அவர் ஒருவர்.

இப்போது நீங்கள் பார்த்த ஹேர்வுட். அதைக் கட்டுவித்த எட்வின் லாசெல்ஸ் முதலில் லண்டன் கட்டடக்கலைஞர் வில்லியம் சேம்பர்ஸிடம் வரைபடம் வாங்கிப் பார்த்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை காருக்கு வந்தது. இத்தாலியிலிருந்து திரும்பிய ஆடமிடமும் 1758இல் கருத்துக் கேட்டார்கள். ஆடம் தம் பங்குக்குத் திருத்தங்கள் சொன்னார். ஆனாலும் வீட்டின் அமைப்பும் புறத்தோற்றமும் அடிப்படையில் காருடையவை. 1759இல் அடிக்கல் நாட்டி 1771இல் குடிபுகும் நிலைக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஆடமின் சுதை வேலைப்பாடுகள் மின்னுகின்றன. பார்வையாளர் அண்ணாந்து பார்த்து வியக்கிறார். அந்த உட்கூரையைத் தாங்கி நிற்கும் சுவரை யாரும் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு 1840களில் கட்டடக்கலைஞர் சார்லஸ் பேரி வந்து, தென்முகப்பில் இருந்த தூண் மண்டபத்தை எடுத்துவிட்டு, மேலே உயரத்தைக் கூட்டி, முன்னால் பெரிய தோட்டத் தளத்தையும் சேர்த்துவிட்டார். ஆகவே நீங்கள் தோட்டப் பக்கமிருந்து பார்த்த ஹேர்வுட் பெருமளவு பேரியின் ஹேர்வுட். காரைப் பார்க்க வேண்டுமென்றால் வடமுகப்புக்கு வர வேண்டும். அதைவிட, வாயிலுக்கு வெளியே உள்ள ஹேர்வுட் கிராமத்தைப் பார்க்க வேண்டும். மாளிகையின் வேலையாட்களுக்கும் குடியானவர்களுக்குமான அந்த வரிசை வீடுகளும் அவர் கட்டியவையே. அலங்காரம் என்று எதுவுமே கிடையாது. கதவு, சன்னல், சுவர் ஆகியவற்றின் அளவுப் பொருத்தம் ஒன்றுதான் அழகு. என் பார்வையில் மாளிகையைவிட அந்தத் தெரு மேலானது.

அளவுப் பொருத்தம் என்றேன். அதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பெர்க்‌ஷயரில் பேசில்டன் பார்க் என்ற மாளிகையை 1776இல் கார் தொடங்கினார். தெற்கே அவர் கட்டிய அரிய கட்டடங்களில் ஒன்று அது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அது பாழடைந்து கிடந்தது. கதவுகளும் கணப்புகளும் காணாமல் போயிருந்தன. 1950களில் அதை வாங்கிய ஐலிஃப் தம்பதி அதை மீட்டெடுக்க முனைந்தபோது, லிங்கன்ஷயரில் கார் வேலை செய்த பேன்டன் ஹால் என்ற வேறொரு மாளிகை இடிபடக் காத்திருந்தது. அங்கிருந்து மகாகனி மரக் கதவுகளை வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு மாளிகைக்குச் செய்த கதவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட மைல் தள்ளி இருக்கும் இன்னொரு மாளிகையின் நிலைகளில் அப்படியே பொருந்தின. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, இழைப்புளி வேலை ஏதும் பெரிதாகத் தேவைப்படாமல்! ஒரு மனிதர் தம் கைவசம் இருந்த அளவுகளில் எவ்வளவு தெளிவாகவும் பிடிவாதமாகவும் இருந்திருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் நண்பர் இதைத்தான் 'பார்த்துப் பார்த்துக் கட்டுவது' என்கிறார் போலும். நான் இதைத் தொழில் ஒழுக்கம் என்பேன்.

அந்தக் கையில் கற்பனைக்குப் பஞ்சம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. நீங்கள் படித்த பக்ஸ்டன் கட்டுரையில் இடமின்மையால் விட்டதைச் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்தாம் டெவன்ஷயர் பிரபுவுக்கு எக்டன் செம்புச் சுரங்கத்திலிருந்து பணம் கொட்டியது. வெந்நீர் ஊற்று இருந்த பக்ஸ்டனை பாத் நகருக்குப் போட்டியாக வளர்க்க நினைத்தார். பாத் நகரில் ஏற்கெனவே ஒரு பெரும் பிறைக் கட்டடம் இருந்தது. ஆனால் அது வரிசை வீடுகள் மட்டுமே. கார் 1780க்கும் 1789க்கும் இடையே கட்டிய பிறையில் தங்கும் விடுதிகள், நடன மண்டபம், தனி இல்லங்கள், தரைத்தளம் நெடுக மழையில் நனையாமல் நடக்க வளைவுத் தாழ்வாரம் ஆகிய எல்லாம் ஒரே உடலுக்குள் அடங்கியிருக்கின்றன. பக்ஸ்டனில் மழை அதிகம்; நோயாளிகள் ஊற்றுக்குப் போய் வர வேண்டும். தாழ்வாரம் அதற்காகப் பிறந்தது. பின்னால் குன்றின்மேல் விருந்தினர்களின் குதிரைகளுக்கென 110 குதிரைகள் கட்டும் பெரிய லாயம்; நடுவில் குதிரைகளை நடத்திப் பழக்க வட்ட முற்றம். அந்த வட்டத்தின்மேல்தான் 1881இல் ராபர்ட் ரிப்பன் டியூக் பிரம்மாண்டமான குவிமாடத்தை அமைத்தார். லாயம் மருத்துவமனையாகி, இன்று டார்பி பல்கலைக்கழகத்தின் கட்டடமாக இருக்கிறது. பிறைக் கட்டடம் 1992இல் மூடப்பட்டு, நீண்ட சீரமைப்புக்குப் பின் 2020இல் மீண்டும் விடுதியாகத் திறந்தது.

கடல் கடந்தும் அவர் கட்டடம் ஒன்று நிற்கிறது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் சாந்தோ அன்டோனியோ மருத்துவமனைக்கு 1769இல் யார்க்ஷயரிலிருந்து வரைபடம் அனுப்பினார். நாற்புறமும் கட்டி நடுவில் தேவாலயம் வைக்கும் பெரும் திட்டம். பாதிகூடக் கட்டி முடிக்கவில்லை. கட்டிய அளவே இன்றும் இயங்கும் மருத்துவமனை. உங்கள் துறை என்பதால் இதைச் சொல்கிறேன்.

சறுக்கியதும் உண்டு. ரொதரம் அருகே ராக்கிங்கம் பிரபுவுக்காக எழுப்பிய கெப்பல் தூண், கடற்படைத் தளபதி கெப்பல் இராணுவ நீதிமன்றத்தில் விடுதலையானதைக் கொண்டாடுவது. உயர்ந்த தூண்கள் கண்ணுக்கு ஒடுங்கித் தெரியாமல் இருக்க நடுவில் சற்றே பருக்கச் செய்வது பழைய கிரேக்க உத்தி. மிக உயரமான தூணுக்குக் கணக்கிட்டுக் கட்டத் தொடங்கினார்கள். பிறகு உயரம் 115 அடியாகக் குறைந்தது. பருமன் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டதால் தூண் உப்பித் தெரிகிறது.

இனி உங்களை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கூச்சம் நியாயமானது. அதைத் துடைத்துவிட நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

எட்வின் லாசெல்ஸ் பார்படோஸ் தீவில் பிறந்தவர். அவருடைய தந்தை ஹென்றி அங்கே சுங்க அதிகாரி, சர்க்கரை வணிகர், தோட்ட முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தவர், அடிமை வணிகத்திலும் பங்கு வைத்திருந்தவர். ஹேர்வுட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் கூலி அங்கிருந்து வந்தது. அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1830களில் அரசு இழப்பீடு கொடுத்தது. அதுவும் உடைமையாளர்களுக்குப் போனதே தவிர, உழைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று அந்த மாளிகையின் அறக்கட்டளை இதை மறைக்காமல் பேசுகிறது. நீங்கள் அங்கே படித்ததும் அதனால்தான்.

பேசில்டன் பார்க் நம் பக்கத்துக் கதை. அதைக் கட்டுவித்த பிரான்சிஸ் சைக்ஸ், ஹார்பரிக்கு அருகே உள்ள தார்ன்ஹில்லைச் சேர்ந்தவர். காருக்கு ஏறக்குறைய உள்ளூர்க்காரர். கிளைவின் கூட்டாளி. 1760களின் பிற்பகுதியில் முர்ஷிதாபாத் தர்பாரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட், அதாவது பிரதிநிதி. வங்காளத்தின் வருவாய் கம்பெனியின் கைக்கு மாறிய அந்தச் சில ஆண்டுகளில் பெரும் செல்வம் சேர்த்துக்கொண்டு 1769இல் ஊர் திரும்பினார். அவர் கப்பலேறிய வேளையில்தான் வங்காளம் வரலாறு காணாத பஞ்சத்தில் விழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 1771இல், அவர் பேசில்டனை வாங்கினார்.

கார் தம் வாடிக்கையாளர்களை அறியாதவர் அல்லர். யாருடைய பணம் எங்கிருந்து வந்தது என்பது யார்க்ஷயரின் விருந்து மேசைகளில் பேசப்பட்ட செய்தி. 'அவர் வெறும் கட்டடக்காரர், அவருக்கு என்ன தெரியும்' என்று விலக்கு அளிக்க மாட்டேன். 1770இலும் 1785இலும் யார்க் நகரின் மேயராக இருந்தவர். நீதிபதி இருக்கையில் அமர்ந்தவர். சாகும்போது ஏறக்குறைய 1,50,000 பவுண்டு சொத்து வைத்திருந்தவர். அந்தச் சொத்தில் சர்க்கரைக்கும் வங்காளத்துக்கும் பங்கு உண்டு. பேசில்டனின் முகமண்டபத்தைப் புகழும் வாயாலேயே முர்ஷிதாபாத்தையும் சொல்லியாக வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவது, கல்லைச் செதுக்கியவனுக்கும் பஞ்சத்தில் செத்தவனுக்கும் ஒருசேரச் செய்யும் துரோகம்.

நல்ல கட்டடம் நல்லதைச் செய்யும் என்ற நம்பிக்கையும் கூடாது. யார்க் நகரின் பூத்தம் (Bootham) பகுதியில் மனநோயாளிகளுக்கான காப்பகத்தைக் கார் கட்டினார், 1777இல் திறந்தது. முகப்பு கண்ணியமானது, ஒரு பிரபுவின் மாளிகையைப் போன்றது. 1790இல் உங்கள் லீட்ஸிலிருந்து ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் (ஒரு கிறித்தவப் பிரிவு) பெண்மணி அங்கே சேர்க்கப்பட்டார். அவரைப் பார்க்க வந்த குவேக்கர் நண்பர்களை உள்ளே விடவில்லை. சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அந்தச் சாவில் மனம் கொதித்துத்தான் வில்லியம் டியூக், மனநோயாளிகளை மனிதராக நடத்தும் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தை 1796இல் யார்க்கிலேயே தொடங்கினார். பிற்பாடு பூத்தம் காப்பகத்தின் கொடுமைகள் நாடாளுமன்ற விசாரணை வரை போயின. செவிலியரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுவர் சிகிச்சை அளிப்பதில்லை.

ஆனால் இதே ஜான் காரின் இன்னொரு கட்டடத்துக்குள் ஆற்காட்டுச் சீமையின் குரலும் இருக்கிறது. ராக்கிங்கம் பிரபு 1782இல் இறந்ததும் வென்ட்வொர்த்தில் அவருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டப்பட்டது. மூன்று அடுக்காக எழும் அந்த மண்டபம் காரின் முதிர்ந்த படைப்புகளில் ஒன்று. உள்ளே ராக்கிங்கத்தின் சிலை. சுற்றிலும் அவருடைய அரசியல் தோழர்களின் மார்பளவுச் சிலைகள். அவர்களில் ஒருவர் எட்மண்ட் பர்க், ராக்கிங்கத்தின் செயலராக இருந்தவர். அவர் 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசினார். கம்பெனி ஊழியர்கள் நவாபுக்குக் கடன் கொடுத்ததாகக் கணக்கெழுதி, அந்தக் கடனுக்கு வட்டியாக நம் உழவர்களின் விளைச்சலை உறிஞ்சிய கதையை அவர் அங்கே உடைத்தார். அதே உரையில் நம் நாட்டு ஏரிகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. ஆற்காட்டிலும் தஞ்சையிலும் ஆயிரக்கணக்கில் வெட்டிவைத்த அந்த ஏரிகளே, தம் குடிகளுக்குத் தந்தையராக வாழ்ந்த உண்மையான மன்னர்களின் நினைவுச் சின்னங்கள் என்கிறார் பர்க். தமக்குப் பின்னால் வரும் தலைமுறைகளையும் தம்முடையவையாகக் கருதி அவர்கள் விட்டுச்சென்ற சொத்து என்கிறார்.

நினைவு மண்டபத்தின் சிலைகளில் ஒன்றாக நிற்கும் அந்த மனிதரின் அளவுகோலை எடுத்து, மண்டபத்தைக் கட்டியவரையே அளந்து பார்த்தால் என்ன? நான் அப்படித்தான் அளக்கிறேன். அப்போது மாளிகைகள் பின்னுக்குப் போகின்றன. பாலங்கள் முன்னுக்கு வருகின்றன.

காரின் தந்தை யார்க்ஷயரின் நிர்வாகப் பிரிவுகளில் ஒன்றான மேற்கு ரைடிங்கின் பாலங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். 1760இல் மகன் அந்தப் பொறுப்பை இன்னொருவருடன் சேர்ந்து ஏற்றார். 1772 முதல் 1803 வரை வடக்கு ரைடிங் பாலங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. எண்பது வயது வரை! பிரபுக்களுக்கு மாளிகை கட்டிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலெல்லாம் குதிரையில் ஏறிப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய், எந்தத் தூண் அரித்திருக்கிறது, எந்த வளைவு விரிந்திருக்கிறது என்று பார்த்து, மதிப்பீடு எழுதி, நீதிபதிகள் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி, வேலையை முடித்தார். இந்தப் பாலங்களுக்கான பணம் அந்தப் பகுதி மக்கள் கட்டிய வரி.

1771 நவம்பரில் வட இங்கிலாந்தில் பெருவெள்ளம். டைன், டீஸ், ஸ்வேல் ஆறுகளில் பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. அடுத்த ஆண்டு கார் வடக்கு ரைடிங்கில் பொறுப்பேற்கிறார். கிரீட்டா ஆற்றின்மேல் வெள்ளம் கொண்டுபோன பாலத்தின் இடத்தில் 1773இல் அவர் கட்டிய பாலம் ஒரே வளைவு. ஆற்றுக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லை. வெள்ளம் வந்தால் மோதுவதற்கு ஒன்றும் கிடையாது. கரை விட்டுக் கரை தாவும் அந்த வளைவை 1805இல் ஜான் செல் காட்மன் நீர்வண்ணத்தில் தீட்டினார். ஆங்கில நீர்வண்ண ஓவியங்களின் சிகரங்களில் ஒன்றாக அதை மதிக்கிறார்கள். ஓவியர் கண்ணுக்கு அந்த வளைவு அழகாகப் பட்டது. கட்டியவருக்கு அது வெள்ளத்துக்கு எழுதிய பதில்.

பழைய பாலங்களை இடிக்காமல் அகலப்படுத்துவதில் அவர் காட்டிய பொறுமையும் பெரிது. சக்கர வண்டிகள் பெருகின. பொதிக்குதிரைகள் போவதற்கென்று கட்டிய குறுகிய பாலங்கள் போதவில்லை. அந்தப் பழைய வளைவோடு ஒட்டி, அதே வடிவில் புது வளைவைச் சேர்த்துவிடுவார். அய்ஸ்கார்த் அருவிகளுக்குப் பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டுப் பாலம் ஒன்றை 1788இல் இப்படி அகலப்படுத்தினார். மேலே சாலையில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே இறங்கி வளைவின் அடிவயிற்றைப் பார்த்தால், பழைய கொத்தரின் வேலையும் காருடைய ஆட்களின் வேலையும் சேரும் இடம் தெரியும். தனக்கு முன்னால் செய்தவனை அழிக்காமல் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் இந்தக் குணத்தைப் பெரிய பெயர் எடுத்த பல கட்டடக்கலைஞர்களிடம் நான் காணவில்லை.

லண்டனில் அலுவலகம் வைத்திருந்தால் இதைச் செய்திருக்க முடியாது. கட்டி முடித்த பாலத்துக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் குடியிருந்தார். விரிசல் விட்டால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். லண்டனின் முன்னணிக் கட்டடக்கலைஞர்கள் சங்கம் அவரைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவரோ யார்க்ஷயரை விட்டு நகரவில்லை. உங்கள் நண்பர் குறையாகச் சொன்ன உள்ளூர்த்தன்மைதான் காரின் கட்டடங்கள் நின்றுவிட்டதற்கு முதன்மையான காரணம் என்று எனக்குப் படுகிறது.

கார் 1807 பிப்ரவரியில், எண்பத்து மூன்று வயதில் யார்க் அருகே ஆஸ்கம் ஹாலில் இறந்தார். மனைவி சாரா முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. யார்க் அலுவலகம் உதவியாளர் பீட்டர் அட்கின்சனிடம் போனது.

பார்க்க வேண்டிய இடங்களைக் கேட்டிருந்தீர்கள். முதலில் ஹார்பரி. வேக்ஃபீல்டிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்விடலாம். அங்கே பேதுரு, லியோனார்டு பெயரிலான ஆலயத்தை 1790களின் முற்பகுதியில் சொந்தச் செலவில், ஏறக்குறைய 8,000 பவுண்டு போட்டுக் கட்டி ஊருக்குக் கொடுத்தார். இறைபக்தியின் அடையாளமாகவும் பிறந்த மண்ணின்மேல் கொண்ட அன்பின் அடையாளமாகவும் கட்டடக்கலைஞர் ஜான் கார் தம் பணத்தில் எழுப்பியது என்று இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். பிரபுவின் விருப்பம் என்ற தடை இல்லாமல் அவர் கட்டியது இது. அடுக்கடுக்காக மேலேறும் கோபுரத்தைத் தெருவின் எதிர்ப்பக்கமிருந்து பாருங்கள். அவரை அடக்கம் செய்திருப்பதும் அங்கேதான்.

யார்க்கில் ஒரு முழு நாளைச் செலவிடலாம். காசில்கேட் தெருவில் ஃபேர்ஃபாக்ஸ் இல்லம், 1760களின் தொடக்கத்தில் அவர் உள்ளலங்காரம் செய்தது. இருபதாம் நூற்றாண்டில் அது திரையரங்குக்குப் போகும் வழியாகவும் நடனக்கூடமாகவும் இருந்தது. 1980களில் யார்க் குடிமை அறக்கட்டளை மீட்டெடுத்தது. ஜோசப் கோர்ட்டீஸ் செய்த சுதை வேலையைக் கூரையில் பார்ப்பதோடு, மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் கை வைத்து ஏறிப் பாருங்கள். படியின் உயரமும் அகலமும் எவ்வளவு இதமாக அமைந்திருக்கின்றன என்பது காலுக்குத் தெரியும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கோட்டை வளாகம். ஒரு பக்கம் 1770களில் அவர் கட்டிய வழக்குமன்றம், எதிர்ப்பக்கம் அதற்கு இணையாக 1780களின் தொடக்கத்தில் எழுந்த பெண்கள் சிறை; இன்று அருங்காட்சியகத்தின் பகுதி.

பிறகு வடக்கே ரிச்மண்டுக்குப் போங்கள். கோட்டைக்குக் கீழே ஸ்வேல் ஆற்றின்மேல் 1789இல் அவர் முடித்த கிரீன் பிரிட்ஜ் இன்றும் வண்டிகளைத் தாங்குகிறது. அய்ஸ்கார்த் பாலத்தைக் கோடையில் பாருங்கள். ஆற்றில் நீர் குறைந்திருக்கும்போதுதான் நான் சொன்ன அந்த அடிப்பகுதி நன்றாகத் தெரியும். பாறைகள் வழுக்கும், குழந்தைகளை இறக்க வேண்டாம்.

அன்புடன்.